ரொறன்ரோ எல்ஜின், வின்ரர் கார்டன்: படுதாக்களில் எதைப் பார்க்கவேணும்?

கேள்வி: நாடகப்பிரியன்
யங் வீதி 189இல் கீழே எல்ஜின், ஏழு மாடி உயரத்தில் வின்ரர் கார்டன் என்று வோட்வில் (பாட்டு, பகிடி, கழைக்கூத்து என்று தனித்தனி உருப்படிகள் மாறிமாறி வரும் மேடை நிகழ்ச்சி) காலத்து அரங்குகள் இரண்டு இருக்கின்றன. நாடகம் படிக்கும் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறோம். ஏன் ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டினவை? பழைய படுதாக்கள் (மேடையில் தொங்கவிடும், காட்சி வரைந்த திரைகள்) அங்கேயே கிடைத்தனவாம், அவற்றில் என்ன கவனிக்கவேணும்? சுவரைப் பாண் மாவால் துப்புரவாக்கினது உண்மையோ?

பதில்: யங்வீதி
முதற்காரணம் காணி விலை. கட்டுவித்தவர் பல ஊர்களில் அரங்குகள் வைத்திருந்த மார்க்கஸ் லோ, கட்டடக் கலைஞர் தாமஸ் லாம். யங் வீதிப் பக்கம் ஒடுங்கின வாசல் மட்டுந்தான். மண்டபம் பின்னால் விக்ரோரியா வீதிப் பக்கம். நிலம் ஒன்று, இருக்கை 3,500க்கு மேல். கீழே 1913 டிசம்பரில் திறந்தார்கள். பகலிலிருந்து தொடர்ச்சியாக நிகழ்ச்சி, மலிவு டிக்கெட், நினைத்த நேரம் உள்ளே போகலாம். மேலே 1914 பெப்ரவரியில். அங்கே முன்பதிவு இருக்கைகள், மாலைக் காட்சிகள்.

1928இல் மேல் அரங்கைப் பூட்டினார்கள், கீழ் அரங்கு சினிமாக் கொட்டகையாகிவிட்டது. மேலே இருந்ததை இறக்க எவரும் மினக்கெடவில்லை. உலகத்திலேயே பெரிய வோட்வில் காட்சித் தொகுதி, அதாவது அந்தப் படுதாக்களும் மற்ற மேடைக்காட்சிப் பொருட்களும், தப்பினது அந்தப் பூட்டினால்தான். ஒன்ராறியோ மரபுரிமை அறக்கட்டளை 1981இல் வாங்கி, 1989இல் இரண்டையும் திரும்பத் திறந்தது.

பதில்: சைடுவிங்
படுதாவைக் காட்டுவதற்கு முன்னால் ஒரு நிகழ்ச்சிப் பட்டியல் எப்படி ஓடியது என்பதை மாணவர்களுக்குச் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் வெறும் பழைய துணியாகத்தான் தெரியும்.

பெரிய அரங்குகளில் எட்டு ஒன்பது உருப்படிகள், ஒவ்வொன்றும் பத்திலிருந்து இருபது நிமிடம், நடுவில் இடைவெளியே விழக்கூடாது. அதற்காக மேடையை முன்னிருந்து பின்னாகப் பட்டைகளாகப் பிரித்து எண் கொடுத்தார்கள். முதல் படுதாவுக்கு முன்னால் ஐந்தாறு அடி ஆழமுள்ள பட்டைதான் ‘ஒன்று’. பாடகரோ, பேசிச் சிரிக்க வைக்கும் ஜோடியோ அதில் நிற்கும்போது, படுதாவுக்குப் பின்னால் அடுத்து வரும் கழைக்கூத்துக்காரர்களின் சாமான்களைப் பூட்டிவிடுவார்கள். முழு மேடை கேட்கும் உருப்படிகள் இரண்டை அடுத்தடுத்துப் போட்டால் சபை சும்மா உட்கார்ந்திருக்கும். பட்டியல் அங்கேயே படுத்துவிடும். முதல் உருப்படி பேச்சில்லாதது, ஏனென்றால் ஜனங்கள் அப்போதுதான் இடம் தேடிக்கொண்டிருப்பார்கள். நட்சத்திரம் வருவது கடைசிக்கு முந்தைய இடத்தில். கடைசி உருப்படியின்போது பாதிப்பேர் எழுந்து நடக்கத் தொடங்கியிருப்பார்கள்.

ஆகவே ஒவ்வொரு படுதாவையும் பார்த்து ‘இது எந்தப் பட்டைக்கு?’ என்று மாணவர்களைக் கேளுங்கள். தட்டிகளின் (மரச்சட்டத்தில் துணி இழுத்துக் கட்டி வர்ணம் பூசி, மேடையில் நிறுத்திவைப்பவை) பின்பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள்; முன்பக்கத்தைவிட அதில்தான் விஷயம் அதிகம். அந்தக் காலத்தில் ஒரு தட்டியை இன்னொன்றோடு ஆணியடித்துச் சேர்க்கும் வழக்கமில்லை. மேலிருந்து தொங்கும் கயிற்றை விளிம்பிலுள்ள கொக்கிகளில் இப்படியும் அப்படியுமாக மாட்டி, கீழே முடிச்சுப் போடுவார்கள். முடிச்சை இழுத்தால் நொடியில் பிரிந்துவிடும். வர்ணம் பொடியை வஜ்ஜிரப் பசையில் கரைத்துப் பூசியது. ஈரம் பட்டால் கரை கட்டும், மடித்து வைத்தால் மடிப்பில் வெடித்து உதிரும். தயவுசெய்து யாரும் தொடவேண்டாம்.

பதில்: யங்வீதி
பாண் மாவுக் கதை உண்மைதான். வின்ரர் கார்டன் சுவர்ச் சித்திரங்கள் நீர்வர்ணத்தில் கையால் வரைந்தவை. ஈரத்துணி வைத்தால் அழுக்கோடு பூவும் கொடியும் சேர்ந்து வந்துவிடும். வேகாத மாவை உருட்டிச் சுவரில் ஒற்றி எடுத்தால் கரியும் தூசியும் மாவில் ஒட்டிவிடும், வர்ணம் சுவரிலேயே நிற்கும். ஏறக்குறைய 385 இறாத்தல் மாவு போனது. மாவால் ஒற்றுவது நிலக்கரி அடுப்புக் காலத்துச் சுவர்த்தாளுக்குச் செய்துவந்த பழைய வேலை. பிள்ளைகளின் பிளே-டோ கூட முதலில் அப்படியொரு சுவர் துடைக்கும் மாவுதான்.

கூரையையும் அண்ணாந்து பாருங்கோ. அவை மெய்யான பீச் மரக் கிளைகள். திருத்தும்போது 5,000க்கு மேற்பட்ட கிளைகளைப் பதப்படுத்தி, தீப்பற்றாத மருந்தும் ஏற்றி, கம்பி வலையில் பின்னித் தொங்கவிட்டார்கள்.

நாடகப்பிரியன்
நன்றி. போவதற்கு முன் வகுப்பில் கொடுக்கக்கூடிய மூல ஆவணம் ஏதும் உண்டோ?

சைடுவிங்
அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தில், பல ஊர்களில் வோட்வில் அரங்குகள் நடத்திய கீத்-ஆல்பீ நிறுவனத்தின் ஆவணத் தொகுப்பு இருக்கிறது. ஒவ்வொரு ஊர் அரங்கின் மேலாளரும் அந்த வாரத்து உருப்படிகளைப் பற்றித் தலைமையகத்துக்கு அனுப்பிய அறிக்கைகள் அதில் உண்டு: எத்தனை நிமிடம், ‘ஒன்றிலா’ முழு மேடையிலா, சபை எப்படி எடுத்துக்கொண்டது என்று. லோ வேறு நிறுவனம், அதனால் எல்ஜின் அதில் வராது. ஆனாலும் ஒரு வாரத்து அறிக்கையை எடுத்து, உருப்படிகளின் வரிசையைக் கலைத்துக் கொடுத்து, மாணவர்களையே அடுக்கச் சொல்லலாம்.

யங்வீதி
சுற்றுலா நேரத்தை அறக்கட்டளையின் தளத்தில் பார்த்துப் பதியுங்கோ. படிக்கட்டு ஏழு மாடி. ஏற முடியாதவர்கள் இருந்தால் முன்கூட்டியே எழுதிச் சொல்லிவிடுங்கோ.