பர்கர் கடைக்குக் குடும்பத்தோடு போனதில் இன்னும் மனதை அரிக்கும் சம்பவம் உண்டா?

மாசிவீதி:
சின்னவனுக்குப் பிறந்தநாள். மதுரையில் வீட்டுக்குப் பக்கத்துக் கடைதான், பெயர் வேண்டாம். அப்பாவையும் கூட்டிப் போனோம். வயது 74, கீழ்ப்பல் செட். மேல் பன்னைத் தூக்கித் தனியே வைத்தார், வெங்காயத்தை ஓரமாக ஒதுக்கினார், நடுவிலிருந்த கட்லெட்டைப் பிட்டுப் பிட்டுச் சாப்பிட்டார். "இது அப்படிச் சாப்பிடறது இல்லப்பா, சேத்துக் கடிங்க" என்றேன், கொஞ்சம் சத்தமாகவே. மகன் வேறு சிரித்தான். அப்பா ஒன்றும் சொல்லாமல் திரும்ப அடுக்கிக் கடித்தார். பின்பக்கமாக மயோனைஸ் வழிந்து மணிக்கட்டுவரை இறங்கியது. முடித்ததும், பர்கர் சுற்றி வந்த தாளை இலை மாதிரி மடித்தார். அந்தப் பக்கமாக. கல்யாணப் பந்தியில் நாங்கள் தெரியாமல் அப்படி மடித்தால் தலையில் குட்டு வைப்பவர் அவர். இரண்டு மாதம் ஆயிற்று, கேட்கத் தைரியம் வரவில்லை.

ஒன்பதரை பஸ்:
தாளுக்கு ஏதுங்க சாவு மடிப்பு, கல்யாண மடிப்பு? வேட்டியில் ஒழுகாமல் இருக்க மடித்திருப்பார், நீங்களாக எதையாவது நினைத்துக்கொள்ளாதீர்கள். எங்கள் கதை கோவையில். அத்தை சுத்த சைவம். கோழி பொரிக்கிற எண்ணெயிலேயே இதையும் பொரிப்பீர்களா என்று கேட்டார். "கூடை வேற வேற ஆன்ட்டி" என்றான் கவுன்டர் பையன். "கூடையக் கேக்கல தம்பி" என்றார் அத்தை. அவன் மெதுவாகச் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். அவ்வளவுதான். வெறும் பன்னைக் கெட்சப்பில் தொட்டுச் சாப்பிட்டுவிட்டு எழுந்தார். பில் என்னவோ முழு பர்கருக்கு.

குட்டிப்பாப்பா அப்பா:
மாசிவீதி, மடிப்பை விடுங்கள், அந்த மயோனைஸ் எதில் செய்தது என்று கேட்டீர்களா? பச்சை முட்டையில் செய்கிற மயோனைசுக்குத் தமிழ்நாட்டில் 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை போட்டார்கள். தெலங்கானாவில் அதற்கு முந்தைய அக்டோபரிலேயே போட்டுவிட்டார்கள். சும்மா இல்லை, பச்சை முட்டையில் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம், வெயிலில் மணிக்கணக்காக வெளியே வைத்தால் பெருகிவிடும். வயதானவர்களையும் குழந்தைகளையும்தான் முதலில் படுத்தும். கூச்சப்படாமல் டப்பாவைக் காட்டச் சொல்லுங்கள். பச்சைப் புள்ளி இருந்தால் முட்டை இல்லாதது, பழுப்பு முக்கோணம் இருந்தால் முட்டை சேர்த்தது. கடையிலேயே கலக்கியது என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பெரியவர்களுக்கு நாலாக வெட்டித் தரச் சொல்லிக் கேளுங்கள். செட் பல்லுக்கு அதுதான் வசதி. என் கதை பெரிதாக ஒன்றுமில்லை: மகள் வெள்ளரி ஊறுகாயை எடுத்து வீசினாள், பக்கத்து மேசைக்காரரின் காபியில் போய் விழுந்தது.

தென்காசி சாரல்:
டப்பாவைக் காட்டச் சொல்லிப் பாருங்கள், அடுத்த முறை உங்களைக் கண்டாலே பையன் உள்ளே ஓடிவிடுவான். ஒன்பதரை பஸ், தாளுக்கு மடிப்பு இல்லை என்று யார் சொன்னது? எங்கள் அம்மா வடை பொட்டலத் தாளைக்கூடத் தன் பக்கமாகத்தான் மடிப்பார். கைப்பழக்கம் அது. பேரன் முன்னால் அதட்டினால் யாருக்குத்தான் வலிக்காது? எங்கள் தாத்தாவோ ஹாம்பர்கர் என்றாலே பன்றிக்கறி என்று தட்டையே தொடவில்லை. ஜெர்மனியில் ஹாம்பர்க் என்று ஒரு ஊர் இருக்கிறது, பேர் அதிலிருந்து வந்தது, உள்ளே இருப்பது உருளைக்கிழங்கும் பட்டாணியும்தான் என்று எவ்வளவோ சொன்னோம். "ஊர் பேரை எதுக்குத் திங்கறதுல வைக்கிறான்?" என்றார். மணப்பாறை முறுக்கு என்று சொல்ல எனக்கு அப்போது தோன்றவில்லை, இன்றுவரை அதுதான் எரிச்சல்.

மாசிவீதி:
சண்டை வேண்டாம். நேற்று அப்பாவிடமே கேட்டுவிட்டேன். "எந்தத் தாளு?" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, "அந்த வெங்காயம் நல்லா இருந்துச்சு" என்றார்.