காலேஜ் டைம்ல வாலண்டியரா போன அனுபவம் இருந்தா எழுதுங்க, நான் ஸ்க்ரைபா போன கதையில ஆரம்பிக்கறேன்

வேளச்சேரி பொண்ணு

பிகாம் படிக்கறப்போ என்எஸ்எஸ்ல (நாட்டு நலப்பணித் திட்டம்) இருந்தேன். ரெண்டு வருஷத்துல 240 மணி நேரம் காட்டணும், அதுக்காக ராலி, மரக்கன்னு நடறது, பீச் க்ளீனிங்னு கூப்பிட்ட எடத்துக்கெல்லாம் போயிருக்கேன், பாதி நேரம் பேனர் நேரா இருக்கான்னு பாத்து போட்டோ எடுக்கறதுலயே போயிடும். உருப்படியா ஏதாவது செஞ்சேன்னா அது ஸ்க்ரைப் வேலை தான். பார்வை இல்லாத ஸ்டூடண்ட்ஸ் எக்ஸாம்ல சொல்லச் சொல்ல நாம எழுதணும்.

ஒரு நாள் வாட்ஸப் க்ரூப்ல, எம்ஏ தமிழ் பேப்பர், நாளைக்குக் காலைல, தமிழ்ல எழுதறவங்க அவசரமா வேணும்னு மெசேஜ். அவ்ளோ பெரிய க்ரூப்ல ஒருத்தரும் வாயத் திறக்கல. மனசு இல்லாம இல்லங்க, நம்ம ஊர்ல பாதி பசங்க மார்க்குக்காக ஃப்ரெஞ்சும் சான்ஸ்கிரிட்டும் எடுத்துப் படிச்சவங்க, தமிழ்ல பேசுவாங்க, போர்டு படிப்பாங்க, மூணு மணி நேரம் விடாம எழுதுன்னா கை ஓடாது. நான் கார்ப்பரேஷன் ஸ்கூல் தமிழ் மீடியம், ஸ்கூல் முடிச்சப்புறம் அது முதல் தடவையா எனக்கு உதவுச்சு. பறக்கும் ரயில் ஏறி சேப்பாக்கத்துல இறங்கிப் போனேன்.

பரீட்சை எழுதற அண்ணா விழுப்புரம் பக்கம். கேட்ட முதல் கேள்வியே "கையெழுத்து புரியுமாம்மா? அழகெல்லாம் வேணாம், திருத்தறவருக்குப் புரிஞ்சா போதும்". அப்புறம் கேள்வித்தாள் முழுசா ஒருதரம் படிக்கச் சொன்னார், நான் படிக்கப் படிக்க விரல மடக்கி எண்ணிக்கிட்டே வந்து, முடிச்சதும் எது முதல்ல எது கடைசினு கடகடன்னு வரிசை சொல்லிட்டார், பேப்பர் கையில வச்சிருக்கற எனக்கே அந்த வரிசை மனசுல நிக்கல. "இங்க ப் வரும், போட்டியா?", "வல்லின ற", "செய்யுள் இந்த எடத்துல வரி மடங்கும்", "எத்தனை பக்கம் ஆச்சு?" இப்படியே போச்சு. அன்னிக்கு ஒற்று போடக் கத்துக்கிட்ட அளவுக்கு பன்னெண்டு வருஷம் ஸ்கூல்ல கத்துக்கல.

ஒரு சின்னக் கேள்விக்கு அவர் சொன்ன விடை தப்பு. எனக்கு விடை தெரியும். சொல்லக் கூடாது, சூப்பர்வைசர் பக்கத்துலயே நிக்கறாங்கங்கறதுக்காக இல்ல, அது அவரோட பரீட்சை. சொன்னத அப்படியே எழுதினேன். வெளிய வந்து டீ குடிக்கறப்போ அவரே, "அந்தக் கேள்வி தப்பு தானே, எழுதறதுக்கு முன்னாடி உன் பேனா கொஞ்சம் நின்னுச்சே"ங்கறார்! "அப்பவே மாத்திச் சொல்லிருக்கலாமே அண்ணா"ன்னேன். "மாத்தினா அது உன் விடை ஆயிடும்மா"ன்னார். எனக்கு அதுக்கு மேல என்ன பேசறதுன்னு தெரியல, டீக்குக் காசையும் அவரே குடுத்துட்டார்.

ஏப்ரல், மே மாசத்துலயும் நவம்பர்லயும் தான் ஸ்க்ரைபுக்கு ஆளே கிடைக்காது, ஏன்னா நமக்கும் செமஸ்டர் அப்போ தான். அதுக்கு என்ன வழின்னு எனக்கு இன்னும் புரியல.

நீலாங்கரை ராத்திரி பார்ட்டி

நான் ஆமை கேஸ். 1988ல இருந்து சென்னைல ஸ்டூடண்ட்ஸ் கூடி நடத்தற கடலாமைப் பாதுகாப்பு நெட்வொர்க் ஒண்ணு இருக்கு, அதுல சீசன் முழுக்க நடந்திருக்கேன். ராத்திரி நீலாங்கரைல ஆரம்பிச்சு மணல்லயே பெசன்ட் நகர் வரைக்கும். பங்குனி ஆமை முட்டை போட்ட தடம் தெரிஞ்சா தோண்டி, நூறு முட்டைக்கு மேல இருக்கும், ஒண்ணொண்ணா பையில எடுத்து ஹேச்சரில, அதாவது குஞ்சு பொரிக்கறதுக்குன்னு பாதுகாப்பா வச்சிருக்கற எடத்துல, அதே ஆழத்துல புதைக்கணும். நாய் வரும், ஆள் நடமாட்டம் வேற, அதான் அங்கயே விட முடியாது. 45 நாளுக்கு மேல ஆகும் குஞ்சு வர, அது ரோட்டு லைட்ட பாத்துக் கடல்னு நினைச்சு எதிர்ப்பக்கம் போயிடும்.

மேல சொன்ன ஆள் பஞ்சம் தான் இங்கயும். சனிக்கிழமை ராத்திரி நடைக்குக் கூட்டம் அள்ளும், செல்ஃபி ஃப்ளாஷ் அடிக்காதீங்கன்னு சொல்லிச் சொல்லியே தொண்டை போயிடும். செவ்வாக்கிழமை ராத்திரி ரெண்டு பேர் தேறினா பெரிய விஷயம். ஆமைக்குக் கிழமை தெரியாதே. 2025 ஜனவரில செத்த ஆமையா கரை ஒதுங்குச்சே, அப்போ முட்டை தேடிப் போற நடை முழுக்க பொணம் எண்ணற நடையாயிடுச்சு. ட்ராலர்ங்கற பெரிய இழுவைப் படகு வலையில மாட்டினா மூச்சு விட மேல வர முடியாது, மூழ்கியே சாகும். குப்பத்து மீனவர் ஒருத்தர் ஒவ்வொண்ணா பாத்துட்டு "எங்க ஃபைபர் போட் வலையில இவ்ளோ மாட்டாது தம்பி"ன்னு மட்டும் சொல்லிட்டுப் போனார்.

சொல்ற பக்கம்

நான் ஸ்க்ரைப் இல்ல, ஸ்க்ரைப் வச்சு எழுதறவன். திரையில இருக்கறத படிச்சுக் காட்டற ஸ்க்ரீன் ரீடர்ல எல்லாத்தையும் கேட்டேன், விழுப்புரம் அண்ணா யாருன்னு தெரியல, ஆனா பேனா நிக்கற சத்தம் உண்மை தான், எங்களுக்கு அது கேக்கும்.

எனக்கு ஒரு தம்பி வந்தான், தங்கமான பையன், ஆனா நான் சொல்றதை அவன் இஷ்டத்துக்கு அழகுபடுத்தி எழுதிட்டான். திரும்பப் படிச்சுக் காட்டச் சொன்னா என் விடை மேடைப் பேச்சு மாதிரி வருது. அடிச்சுத் திருத்தறதுக்கே எக்ஸ்ட்ரா டைம்ல பாதி போச்சு. அந்த எக்ஸ்ட்ரா டைம சலுகைன்னு சில பேர் நினைக்கறாங்க. மணிக்கு 20 நிமிஷம் குறையாம குடுக்கணும்னு 2018ல வந்த மத்திய அரசு வழிகாட்டுதல்லயே சொல்லிட்டாங்க, சொல்லி, எழுதி, மறுபடி கேட்டுச் சரிபார்க்க அந்த நேரம் வேணும்.

இன்னொண்ணு, வர முடியாதுன்னா ரெண்டு நாள் முன்னாடியே சொல்லிடுங்க, தப்பாவே நினைக்க மாட்டோம். முந்தின ராத்திரி பத்து மணிக்கு "ப்ரோ ஃபீவர்"னு மெசேஜ் வந்தா நான் படிக்கவா, ஆள் தேடவா?

வேளச்சேரி சிஸ்டர், இன்னும் எழுதறீங்களா? வர்ற நவம்பர்ல எனக்கு ஹிஸ்டரி பேப்பர், தமிழ் மீடியம். நீங்க இப்போ டிகிரி முடிச்சிருந்தா ஸ்க்ரைபோட படிப்பு எங்க படிப்புக்குக் கீழ இருக்கணும்னு மடக்குவாங்க, ஃபர்ஸ்ட் இயர்ல யாராச்சும் தமிழ் எழுதற தங்கச்சி தம்பி இருந்தாலும் சொல்லுங்க.

வேளச்சேரி பொண்ணு

என் தம்பி இருக்கான், பிஎஸ்சி ஃபர்ஸ்ட் இயர். கையெழுத்து கோழி கிறுக்கல் தான், ஆனா அழகுபடுத்தற அளவுக்கு அவனுக்குத் தமிழ் வராது, அதனால அந்தப் பயம் வேணாம். தேதி வந்ததும் சொல்லுங்க.