மௌனம் சம்மதம் இல்லை: அனுமதிக் கோப்போடு பட்ட பாடு

உயிரித் தொழில்நுட்ப ஆய்வகங்களுக்கு அரசு அனுமதிக் கோப்பு தயாரிக்க உதவுவதுதான் என் வேலை. உங்களுக்கு நேர்ந்ததையும் எழுதுங்கள். முதலில் என்னுடையது.

மரபணு மாற்றிய, வறட்சி தாங்கும் மக்காச்சோளத்தைக் களச் சோதனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று இளம் ஆய்வாளர் ஒருவர் வந்தார். புதிய மரபணு எங்கே உட்கார்ந்திருக்கிறது, எத்தனை பிரதி, என்ன புரதம் என்று பக்கம் பக்கமாக வைத்திருந்தார். நான் கேட்டது ஒன்றுதான்: பசுமைக்குடிலுக்கு எத்தனை விதை வந்தது, எத்தனை விதைத்தீர்கள்? பதிவேட்டைப் புரட்டினார். வந்தது 600, விதைத்தது 540. மிச்சம் 60 எங்கே? முகம் மாறிவிட்டது. இரண்டு நாள் தேடலுக்குப் பிறகு, குளிர்பதனப் பெட்டியின் கதவுத் தட்டில், ‘சோளம், பழசு’ என்று யாரோ கிறுக்கிய உறையில் கிடைத்தது. எண்ணினால் 58. இரண்டை முளைப்புத்திறன் பார்க்க எடுத்ததாக அப்புறம்தான் ஒரு மாணவருக்கு நினைவு வந்தது. பழைய தேதி போட்டு எழுதிவிடலாமா என்றார் ஆய்வாளர். கூடவே கூடாது. இன்றைய தேதியில், நடந்ததை நடந்தபடி எழுதச் சொன்னேன். மக்காச்சோள மகரந்தம் காற்றில் போகிற சரக்கு; பக்கத்து வயல் எப்போது பூக்கும், அறுவடைக்குப் பின் தானாக முளைப்பதை யார் பிடுங்குவது என்றெல்லாம் கேட்கப்போகிற அதிகாரி, விதைக் கணக்கே உதைத்தால் மற்றதை எப்படி நம்புவார்?

*

சார், எங்கள் தவறு வேறு மாதிரி. நாங்கள் செய்தது மரபணு திருத்தம், அதாவது செடியின் சொந்த மரபணுவிலேயே சின்ன மாற்றம். வெளி மரபணு எதுவும் சேர்க்கவில்லை, ஆகவே எந்த விதியும் நம்மைத் தொடாது என்று இருந்துவிட்டோம். ஆனால் இது நாட்டுக்கு நாடு மாறுகிறது. அர்ஜென்டினா 2015-லேயே ஒவ்வொரு பயிரையும் தனித்தனியாகப் பார்த்து முடிவு செய்யும் முறையைக் கொண்டுவந்தது. ஐரோப்பிய நீதிமன்றமோ 2018-ல், திருத்திய பயிரும் மரபணு மாற்றச் சட்டத்துக்குள்தான் வரும் என்றது.

இன்னொன்று, ‘சேர்க்கவில்லை’ என்று வாயால் சொன்னால் போதாது. கொம்பு முளைக்காதபடி திருத்திய மாடுகளில் பாக்டீரியா பிளாஸ்மிட் (பாக்டீரியாவில் இருக்கும் வட்டமான டி.என்.ஏ.) ஒட்டிக்கொண்டிருந்ததை 2019-ல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். அதைப் படித்ததும் எங்கள் செடிகளின் முழு மரபணுத் தொகுப்பையும் வாசிக்கக் கொடுத்தோம். ஐந்தில் ஒன்றில் அப்படியொரு வெளி டி.என்.ஏ. துண்டு இருந்தது. செடியையும் விதையையும் அழித்தோம். (அழித்ததற்கும் பதிவேடு உண்டு!)

*

நான் விதை ஏற்றுமதி செய்கிறவன். வயலில் விதைக்கப்போகும் மரபணு மாற்ற விதையை ஒரு நாட்டுக்கு முதல்முறை அனுப்பும்போது, கார்டகேனா உயிரிப் பாதுகாப்பு நெறிமுறை என்ற சர்வதேச ஒப்பந்தப்படி அந்த நாட்டு அரசுக்கு முன்னறிவிப்பு தர வேண்டும். 2003 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அறிவிப்பு கிடைத்ததை 90 நாளில் ஒப்புக்கொள்வார்கள். முடிவுக்கு 270 நாள். எங்களுக்கு 270 தாண்டியும் பதில் இல்லை. மௌனம் சம்மதம்தானே என்று விற்பனைப் பிரிவு கப்பலில் இடம் பிடிக்கப் போய்விட்டது! நல்லவேளை, ஆலோசகர் அம்மா தடுத்தார். பதில் வராவிட்டால் சம்மதம் என்று பொருளில்லை என்பது நெறிமுறையிலேயே எழுதியிருக்கிறதாம்.

விசாரித்தால், அவர்கள் கூடுதல் விவரம் கேட்டு எப்போதோ கடிதம் அனுப்பியிருக்கிறார்கள், எங்களை விட்டு விலகிப்போன ஒருவருடைய மின்னஞ்சலுக்கு. அந்த விவரத்துக்காக அவர்கள் காத்திருக்கும் நாட்கள் 270-ல் சேராது. நாங்கள் நாள்காட்டியில் கிழித்ததெல்லாம் வீண். விவரத்தைப் போன வாரம்தான் அனுப்பினோம். விதை இன்னும் கிடங்கில்தான் இருக்கிறது.