சனிக்கிழமை வராதீங்க அத்தை

குழு: ஆச்சி வீடு

ஞாயிறு

பெரியத்தை, மாலை 6:40
செல்வி எப்டி இருக்கா? போன் எடுக்கவே மாட்டேங்கா. ரெண்டாவது கீமோ ஏத்தி இன்னியோட நாலு நாள். வார சனிக்கிழமை வேன் பிடிச்சு எல்லாரும் வாரோம். நானும் மாமாவும், கல்லிடை சித்தி வீட்டுல நாலு பேரும்.

பெரியத்தை, மாலை 6:43
இந்த உடம்போட கூட்டுறவு சொசைட்டி வேலைக்கு வேற போறாளாமே. தேறின பிறகு வேலையைப் பாக்கக் கூடாதா? யாராவது எடுத்துச் சொல்லுங்களேன்.

குமார், மாலை 6:51
நான் சொல்லிப் பாத்துட்டேன் அத்தை. அக்கா கேக்கல.

பத்மா, மாலை 7:02
அருகம்புல் சாறும் பப்பாளி இலைச் சாறும் குடிச்சா ரத்தம் ஊறும்னு ஒரு வீடியோ வந்துச்சு. அனுப்பவா மதினி?

நித்யா, மாலை 7:10
பத்மாக்கா, வேண்டாம். எங்க வார்டுல தினமும் இதைத்தான் சொல்லுதோம். கீமோ மருந்தையும் ஈரல்தான் கையாளணும், நாம குடிக்கிற சாறையும் அதுதான் கையாளணும். கேன்சர் டாக்டருக்குத் தெரியாம எந்தச் சாறும், சூரணமும், லேகியமும் கொடுக்கக் கூடாது. குடிச்சே ஆகணும்னா தண்ணி குடிக்கட்டும். ஏத்துற கீமோ மருந்துல ஒண்ணு மூத்திரப்பையைப் புண்ணாக்கும், தண்ணி நிறைய போனாத்தான் அலசிக்கிட்டுப் போகும்.

முருகன், மாலை 7:18
முதல் கீமோ அன்னிக்கு ராத்திரி ஒன்னுக்கு சிவப்பா போகுதுன்னு இவ கூப்பிட்டுக் காட்டினா. ரத்தம்னு நினைச்சு எனக்கு கையே நடுங்கிருச்சு. நித்யாவுக்குத்தான் போன் போட்டேன்.

நித்யா, மாலை 7:20
கூட ஏத்துற இன்னொரு மருந்தோட நிறமே அதான் சித்தப்பா. ஒரு நாள், ரெண்டு நாள்ல தெளிஞ்சிரும். அந்த ரெண்டு நாளும் கக்கூஸை மூடி வச்சு ரெண்டு தடவை தண்ணி விடுங்க. வாந்தி எடுத்த துணியைக் கையுறை போட்டுத் துவைங்க.

செல்வி, இரவு 8:05
அத்தை, போன் எடுக்கலைன்னு கோவிச்சுக்காதீங்க. வாயெல்லாம் புண்ணு. பேசினா உள்கன்னம் பல்லுல உரசுது. அதான் எழுதுதேன்.

செல்வி, இரவு 8:06
நீங்க வாங்க. ஆனா சனிக்கிழமை மட்டும் வராதீங்க அத்தை. அன்னிக்கு எனக்குப் பத்தாவது நாள்.

பெரியத்தை, இரவு 8:09
பத்தாவது நாள்னா என்னட்டி? அன்னிக்கு என்ன?

செல்வி, இரவு 8:31
சொல்லுதேன். கீமோ ஏத்துற வியாழக்கிழமையை ஒண்ணுன்னு வச்சு எண்ணுங்க. முதல் ரெண்டு நாள் வாந்தி மாத்திரையும் ஸ்டீராய்டும் ஓடுது. முகம் செவந்து, ராத்திரி கொட்டக் கொட்ட முழிச்சுக்கிட்டு இருப்பேன், ஆனா நடமாடுவேன். மூணாம் நாள் ஸ்டீராய்டு நின்னுரும். அப்ப விழுவேன். மூணு, நாலு, அஞ்சு, இந்த மூணு நாளும் தரையோட தரையாத்தான். பாத்ரூம் போயிட்டு வந்து கட்டில்ல உக்காந்தா மூச்சு வாங்குது. ஆறாம் நாள் கண்ணு தெளியும். ஏழுல இருந்து பதினாலு வரை பாக்க ஆள் நல்லாருப்பேன், உள்ள நோயை எதிர்க்கிற வெள்ளணு இறங்கிக்கிட்டே இருக்கும். பக்கத்துல யாராவது தும்மினாக்கூட எனக்கு ஆபத்துதான். பதினஞ்சுல இருந்து இருபத்தொண்ணு வரைதான் பழைய செல்வி. அதுக்கடுத்து மறுபடியும் ஊசி.

செல்வி, இரவு 8:33
நீங்க எல்லாரும் நான் படுத்துக் கிடக்கிறப்ப பயப்படுதீங்க. பயப்பட வேண்டியது நான் எந்திரிச்சு நடக்கிற அந்த ரெண்டாவது வாரத்துக்குத்தான்.

குமார், இரவு 8:36
அப்ப வேலைக்கு எந்த நாள்லக்கா போற?

செல்வி, இரவு 9:10
கீமோ வாரத்துல வியாழன்ல இருந்து செவ்வாய் வரை மெடிக்கல் லீவ். புதன்கிழமை போயிருவேன். கேஷ் கவுன்டர்ல உக்காராம, பின்னாடி ரூம்ல டே புக், லெட்ஜர் பாப்பேன். மூணாவது வாரம் மட்டும் கவுன்டர்.

முதல் தடவை இதைக் கேட்டப்ப செயலாளர் ஒத்துக்கல. "கேஷுக்கு ஆள் இல்லம்மா, முடியலைன்னா முழுசா லீவ் போட்டுருங்க"ன்னார். அன்னிக்கு ராத்திரி அழுதேன். முழுசா லீவ் போட்டா ரெண்டு மாசத்துக்குப் பிறகு சம்பளம் இருக்காது, ஹாஸ்டல் ஃபீஸ் கட்டணும். பணம் ஒண்ணு. இன்னொண்ணு, வீட்டுல படுத்தா ஃபேனைப் பாத்துக்கிட்டு அதையேதான் நினைக்கேன். லெட்ஜர்ல அஞ்சு பைசா இடிச்சா அதைத் தேடுற ஒரு மணி நேரம் எனக்கு நோயே ஞாபகம் இல்ல.

டாக்டர்கிட்ட லெட்டர் வாங்கினேன். எந்தெந்த நாள் கூட்டத்துல இருக்கக் கூடாதுன்னு தேதி போட்டே எழுதிக் கொடுத்தார். அதைக் கொண்டு போய் வச்ச பிறகு செயலாளர் ஒண்ணும் சொல்லல. மறுநாள் அவரே ரூமுக்கு ஃபேன் மாட்டிக் கொடுத்தார்.

பத்மா, இரவு 9:14
சாப்பாடு என்ன பண்ணுதீங்க மதினி?

செல்வி, இரவு 9:22
எல்லாம் தகரம் மாதிரி இருக்கு. எவர்சில்வர் ஸ்பூன் வாய்ல பட்டாலே குமட்டுது, மர ஸ்பூன் வாங்கியிருக்கேன். சுடச்சுட சாப்பாட்டுல வர்ற வாசனைதான் பிடிக்கல. ஆற வச்ச தயிர் சாதம், குழைஞ்ச பருப்புச் சோறு, முட்டை நல்லா வேக வச்சு. டிபன் பாக்ஸ்ல கொஞ்சம் கொஞ்சமா ரெண்டு மணிக்கு ஒருக்கா.

சொசைட்டில பெரிய கஷ்டம் உர குடோன்தான். மூட்டை இறக்குற அன்னிக்கு அந்தக் காரவாடை என் ரூம் வரை வரும். நெஞ்சைப் பெரட்டும். இப்ப லோடு வந்தா பியூன் அண்ணன் முன்னாடியே சொல்லிருதாரு, நான் வேப்பமரத்தடில போய் உக்காந்துக்கிடுவேன்.

நித்யா, இரவு 9:30
வாய்ப்புண்ணுக்கு: ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணில அரை ஸ்பூன் உப்பு, அரை ஸ்பூன் சமையல் சோடா. சாப்பிட்ட ஒவ்வொரு தடவையும், படுக்கப் போகும்போதும் கொப்பளிங்க சித்தி. ஆபீஸுக்கும் ஒரு பாட்டில் கொண்டு போங்க. குழந்தைங்க பிரஷ்ல பல் தேய்ங்க. கடையில விக்கிற மவுத்வாஷ்ல ஆல்கஹால் இருந்தா எரியும். ரெண்டாவது வாரத்துல பழைய சோறு, ரோட்டு ஜூஸ், வெட்டி வச்ச பழம் எதுவும் வேண்டாம்.

பெரியத்தை, இரவு 9:41
சரிட்டி. சனிக்கிழமை வரல. வேனை வேண்டாம்னு சொல்லிட்டேன்.

சனி

முருகன், இரவு 11:46
நித்யா முழிச்சிருக்கியா. செல்விக்கு குளிருதுன்னா. தெர்மாமீட்டர் வச்சேன். 100.8

நித்யா, இரவு 11:46
சித்தப்பா டோலோ கொடுத்தீங்களா?

முருகன், இரவு 11:47
கையில வச்சிருக்கேன். கொடுக்கவா

நித்யா, இரவு 11:47
கொடுக்காதீங்க. காய்ச்சலை மறைச்சிரும். 100.4-க்கு மேல போனா கீமோ ஆளுக்கு அது அவசரம். விடியட்டும்னு இருக்கக் கூடாது. இப்பவே கிளம்புங்க.

முருகன், இரவு 11:48
கீமோ ஏத்துற மதுரைக்கா?

நித்யா, இரவு 11:48
மதுரை வேண்டாம், மூணு மணி நேரம் ஆயிரும். திருநெல்வேலிலயே ஐசியு இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. கீமோ ஃபைலை எடுத்துக்கோங்க. வாசல்லயே "கீமோ பத்தாம் நாள், காய்ச்சல்"னு சொல்லுங்க. வெறும் காய்ச்சல்னு சொல்லாதீங்க.

குமார், இரவு 11:52
அத்தான் கார் எடுத்துட்டு வாரேன். பத்து நிமிசம்.

குமார், அதிகாலை 12:35
முதல்ல போன இடத்துல டியூட்டில இருந்தவர் "காய்ச்சல்தானே, உக்காருங்க, டோக்கன் கூப்பிடுவாங்க"ன்னார். நித்யா போன்ல சொன்ன மாதிரி சத்தமா சொன்னேன். அப்பவும் உக்காரத்தான் சொன்னாங்க. அக்காவைத் தூக்கிட்டு வேற ஆஸ்பத்திரிக்கு வந்துட்டோம். இங்க கேட்ட உடனே உள்ள கொண்டு போயிட்டாங்க.

குமார், அதிகாலை 1:20
ரத்தம் எடுத்து, என்ன கிருமின்னு பாக்க கல்ச்சருக்கு அனுப்பிட்டு, ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காம ஆன்டிபயாட்டிக் டிரிப் போட்டுட்டாங்க.

குமார், அதிகாலை 2:05
வெள்ளணு 900. நாலாயிரத்துக்கு மேல இருக்கணுமாம்.

பெரியத்தை, அதிகாலை 2:06
நான் தூங்கல. சாமி ரூம்லதான் உக்காந்திருக்கேன். எழுதிக்கிட்டே இரு குமாரு.

வியாழன்

செல்வி, காலை 10:15
காய்ச்சல் விட்டு ரெண்டு நாள் ஆச்சு. வெள்ளணு 3200. மத்தியானம் வீட்டுக்கு அனுப்புதாங்க. அடுத்த கீமோல இருந்து, ஏத்தின மறுநாள் வெள்ளணு ஏற ஒரு ஊசி போடுவாங்களாம்.

நித்யா, காலை 10:21
அந்த ஊசி போட்டா இடுப்பு எலும்பும் தொடை எலும்பும் உள்ளுக்குள்ள குடையும் சித்தி. மஜ்ஜை வேலை செய்யுதுன்னு அர்த்தம். வலிக்கு என்ன மாத்திரைன்னு டாக்டர்கிட்ட முன்னாடியே கேட்டு வச்சுக்கோங்க.

நித்யா, காலை 10:24
குமார் மாமா, மதுரைக்கு ரயில்ல போறதா இருந்தா டாக்டர்கிட்ட ரயில்வே சலுகை ஃபாரம் வாங்குங்க. கேன்சர் சிகிச்சைக்குப் போறவங்களுக்கு ஸ்லீப்பர்லயும் மூணாம் ஏசிலயும் அடிப்படைக் கட்டணம் முழுசா தள்ளுபடி, கூடப் போற ஒருத்தருக்கு 75 சதவீதம் குறையும். கவுன்டர்ல போய்த்தான் எடுக்கணும். பஸ்ல நின்னுக்கிட்டு வராதீங்க.

நாலு மாசம் கழிச்சு, வெள்ளி

செல்வி, இரவு 8:40
இப்ப வாராவாரம் போடுற வேற மருந்துல இந்த வாரத்தோட ஏழு முடிஞ்சுது. பன்னிரண்டுல ஏழு. வாந்தி இல்ல, வாய்ப்புண் இல்ல. பிடிச்ச வாசனை மறுபடியும் பிடிக்குது. நேத்து ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

பெரியத்தை, இரவு 8:42
என் ராசாத்தி. முடி வருதா?

செல்வி, இரவு 8:44
பூனை முடி மாதிரி லேசா தெரியுது அத்தை. கவுன்டர்ல ஒரு பாட்டி "திருச்செந்தூர்ல எடுத்தியாம்மா"ன்னு கேட்டாங்க. ஆமான்னு தலையாட்டிட்டேன். இப்ப துண்டு கட்டுறதும் இல்ல.

செல்வி, இரவு 8:58
ஆனா விரல்தான் போயிருச்சு. பத்து விரல் நுனியும் மரத்துக் கிடக்கு. உறை போட்டுக்கிட்டுத் தொடுற மாதிரி. திங்கள்கிழமை 500 ரூபா கட்டு எண்ணுதேன், 99 வருது. மறுபடி எண்ணுதேன், 101. ரெண்டு நோட்டு ஒட்டியிருக்கா, ஒண்ணுதானான்னு கட்டைவிரலுக்குத் தெரியல. இருபத்திரண்டு வருசமா கண்ணை மூடிக்கிட்டு எண்ணின கை. சாயந்திரம் 500 ரூபா குறைஞ்சுது. என் கைக்காசைப் போட்டேன்.

மறுநாள் நகைக்கடன் மீட்க ஒரு அம்மா வந்தாங்க. கம்மலை எடுத்துக் கொடுக்கேன், திருகாணி விரல்ல இருந்து நழுவி மேசைக்கடியில போயிருச்சு. அந்தம்மாவும் நானும் தரையில உக்காந்து கால் மணி நேரம் தேடினோம். அவங்க ஒண்ணும் கோவப்படல. எனக்குத்தான் தாங்கல.

முருகன், இரவு 9:01
டாக்டர்கிட்ட சொல்லாம வச்சிருந்திருக்கா. எனக்கே இன்னிக்குத்தான் தெரியும்.

நித்யா, இரவு 9:04
சித்தி ஏன் சொல்லல?

செல்வி, இரவு 9:06
சொன்னா மருந்தை நிப்பாட்டிருவாங்களோன்னு பயம்.

நித்யா, இரவு 9:15
எல்லாரும் இதே பயத்துலதான் சொல்ல மாட்டேங்காங்க. சொன்னா அளவைக் குறைப்பாங்க, இல்ல ஒரு வாரம் தள்ளிப் போடுவாங்க. சொல்லாம விட்டா நரம்பு பாதிப்பு கூடிப் போயி, நிறைய நாள் நிக்கலாம். அடுத்த தடவை ஊசிக்கு முன்னாடியே சொல்லுங்க. சட்டைப் பட்டன் போட முடியுதா, பேனா பிடிக்க முடியுதா, நடக்கிறப்ப செருப்பு நழுவுதான்னு அவங்களே கேப்பாங்க. அதுவரை அடுப்புல கை வைக்கும்போது கவனம், சூடு உறைக்காது.

செல்வி, இரவு 9:19
செருப்பு நழுவுது. நேத்து ஒண்ணு வழியிலயே கிடந்திருக்கு, பத்தடி நடந்த பிறகுதான் தெரிஞ்சுது.

குமார், இரவு 9:21
பின்னாடி வார் வச்ச செருப்பு நாளைக்கே வாங்கி வாரேன்க்கா.

செல்வி, இரவு 9:28
இன்னிக்கு செயலாளர்கிட்ட நானே போய்ச் சொன்னேன், விரல்ல உணர்ச்சி இல்லன்னு. ரெண்டு வருசமா ரிப்பேர்னு மூலையில கிடந்த நோட்டு எண்ணுற மிஷினை எடுத்து ஆள் வரச் சொல்லியிருக்காரு. அது சரியாகுற வரை பக்கத்து சீட்டுப் பிள்ளை இன்னொரு தடவை எண்ணித் தருவா.

பெரியத்தை, இரவு 9:33
ஏட்டி, ஜாக்கெட் ஊக்கு எப்டிப் போடுத?

செல்வி, இரவு 9:36
அவுகதான் போட்டு விடுதாக அத்தை. நெஞ்சுல மருந்து ஏத்த போர்ட் வச்ச இடத்துல வேற தையல் உரசிக்கிட்டே இருக்கு. வேலைக்குக் கிளம்ப அதுக்கே இருபது நிமிசம் ஆகுது.

பெரியத்தை, இரவு 9:37
இதை ஏன் மொதல்லயே சொல்லல? நாப்பது வருசமா மிஷின் மிதிக்கேன். இத்தனை நாளும் உனக்கு என்ன செய்யன்னு தெரியாம உக்காந்திருந்தேன்.

பெரியத்தை, இரவு 9:39
மெத்துன்னு பருத்தித் துணியில, முன்பக்கம் ஒட்டுற பட்டை வச்சுத் தைக்கேன். விரல் வேண்டாம், உள்ளங்கையால அமுக்கினாப் போதும். போர்ட் பக்கம் கழுத்தை இறக்கி வெட்டுதேன். வலது பக்கமா இடது பக்கமா?

செல்வி, இரவு 9:40
வலது பக்கம் அத்தை. ஆபரேஷன் ஆன இடது பக்கமும் கைக்குழி தளர்வா இருக்கணும்.

பெரியத்தை, இரவு 9:41
எத்தனை வேணும்?

செல்வி, இரவு 9:42
ஆபீஸுக்கு அஞ்சு.

பெரியத்தை, இரவு 9:43
குமாருட்ட அளவு ஜாக்கெட் கொடுத்து விடு. எந்தெந்த சேலைன்னு போட்டோ எடுத்துப் போடு, நிறம் பாத்து துணி எடுக்கேன். எந்த நாள் வரலாம்?

செல்வி, இரவு 9:45
இப்ப எந்த நாளும் வரலாம் அத்தை. சளி இருக்கவங்களை மட்டும் கூட்டிட்டு வராதீங்க. ஞாயிற்றுக்கிழமை வாங்க, ரசம் வச்சுத் தாரேன். தாளிக்கிறது மட்டும் அவுக.