மோட்டார் ஓடும்போது மட்டும் யுஎஸ்பி சீரியல் இணைப்பு அறுந்துபோகிறது, உதவுங்கள்

நண்பர்களே, மூன்று நாளாக ஒரே இடத்தில் நிற்கிறேன். வெப்பநிலை பதியும் பழைய கருவி ஒன்றை ஆர்எஸ்-232 என்ற பழைய வகை சீரியல் இணைப்பு வழியாக லினக்ஸ் மடிக்கணினியில் இணைத்திருக்கிறேன். நடுவே யுஎஸ்பி அடாப்டர். வேகம் 9600, 8 டேட்டா பிட், பேரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட். எண்கள் சுத்தமாக வருகின்றன. பக்கத்தில் இருக்கும் பம்ப் மோட்டார் ஓடத் தொடங்கியதும் எல்லாம் நின்றுவிடுகிறது.

கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) பதிவில் 'யுஎஸ்பி டிஸ்கனெக்ட்' என்று ஒரு வரி. இரண்டு நொடி கழித்து அதே அடாப்டர் திரும்ப வருகிறது, ஆனால் டிடிஒய்யுஎஸ்பி0 என்ற பழைய பெயரில் இல்லை, டிடிஒய்யுஎஸ்பி1 என்ற புதுப் பெயரில். என் நிரல் பழைய பெயரையே பிடித்துக்கொண்டு காத்திருக்கிறது. பெயர் சிக்கலை யுடெவ் விதி (சாதனத்துக்கு மாறாத பெயர் தரும் லினக்ஸ் அமைப்பு) எழுதிச் சரிசெய்துகொள்வேன். இணைப்பு ஏன் அறுகிறது என்பதுதான் புரியவில்லை.

அடாப்டரில் 2, 3 பின்களைச் சேர்த்து லூப்பேக் பார்த்தேன், தட்டிய எழுத்தெல்லாம் அப்படியே திரும்பி வந்தது. அதனால் அடாப்டர் மேல் எனக்குச் சந்தேகமில்லை. யுஎஸ்பி ஆட்டோசஸ்பெண்டை (சும்மா இருக்கும் சாதனத்தைத் தானாக உறங்கவைக்கும் வசதி) நிறுத்தினேன், தனி மின்சாரம் உள்ள ஹப் வைத்தேன், பலனில்லை. அப்புறம் ஒன்று கவனித்தேன்: சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டினால் அறுவது வெகுவாகக் குறைகிறது! அப்படியானால் கிரவுண்ட் லூப்தானா (இரு கருவிகளின் எர்த் வழியாகச் சுற்றி ஓடும் தேவையற்ற மின்னோட்டம்)?

கேபிள் 12 மீட்டர், மோட்டார் ஒயரை ஒட்டியே போகிறது. இரு பக்கத்துக்கும் நேரடி மின் தொடர்பு இல்லாமல் பிரிக்கும் யுஎஸ்பி ஐசொலேட்டர் போட்டாலே போதுமா, இல்லை இரு முனையிலும் கன்வெர்ட்டர் வைத்து, மின் இரைச்சலை நன்றாகத் தாங்கும் ஆர்எஸ்-485 இணைப்புக்குப் போய்விடுவதுதான் நல்லதா? இதே தொல்லையைத் தீர்த்தவர்கள் எதை முதலில் செய்தீர்கள் என்று சொல்லுங்கள். இரவு முழுக்கப் பதிவாக வேண்டிய அளவுகள் இவை, நடுவில் ஒரு மணி நேரம் விட்டுப்போனால்கூட அந்த நாள் கணக்கு வீண்.