ஷேடோ ஆஃப் நைட்: நடுப் பாகத்தில் உங்களை விடாத இடம் எது?

ராக்கோழி
டெபோரா ஹார்க்னஸின் மூன்று பாக நாவலில் இது இரண்டாவது. முதல் பாகம் முடித்தவர்கள் மட்டும் படிக்கவும், கதை உடையும். சூனியக்காரி டயானாவும் அவள் காதலன், ரத்தக்காட்டேரி மேத்யூவும் காலம் தாண்டி 1590-க்குப் போயாச்சு, இங்கிலாந்தில் மேத்யூவின் வீடான ஓல்ட் லாட்ஜில் கூட்டம், நாடகாசிரியர் மார்லோவின் வயிற்றெரிச்சல் எல்லாம் தெரிந்ததுதான். நேரே செப்ட்-டூர், பிரான்சில் இருக்கும் மேத்யூ குடும்பத்துக் கோட்டைக்கு வருகிறேன். மகன் தவிக்கிற தவிப்பை வைத்தே, எதிர்காலத்தில் தான் உயிரோடு இல்லை என்று மேத்யூவின் அப்பா ஃபிலிப் ஊகித்துவிடுகிறார். நாஜிகளிடம் சிக்கிச் சிதைந்த அப்பாவை மேத்யூ தன் கையாலேயே முடித்துவைத்தவன். அதை அவன் வாயாலேயே சொல்லவைத்து, மன்னித்தும் விடுகிறார். நடக்க இன்னும் 350 வருஷம் இருக்கிற காரியத்துக்கு! இந்த ஒரு இடத்துக்காகத்தான் நடுப் பாகமே. மிச்சமெல்லாம் ஊர் சுற்றல்.

நூலாம்படை
ஊர் சுற்றலா? லண்டன் இல்லாவிட்டால் மூன்றாம் பாகமே நிற்காது. டயானாவுக்கு முதல் பாகம் முழுக்க ஏன் ஒரு மந்திரமும் ஒழுங்காகப் பலிக்கவில்லை என்பதற்குக் லண்டன் சூனியக்காரி குடி ஆல்சப்தான் விடை சொல்கிறாள். டயானா நெசவாளி. பிறர் கட்டிய மந்திரம் அவளிடம் வேலை செய்யாது, தானே நெய்துகொள்ள வேண்டும். அதற்குத்தான் கயிறும் முடிச்சும். ஒன்றில் ஆரம்பித்து ஒன்பது வரை ஒவ்வொன்றாகப் பழகுகிறாள். இதைப் புரட்டித் தள்ளினால் மூன்றாம் பாகமான தி புக் ஆஃப் லைஃப்பில் பத்தாவது முடிச்சு வரும்போது முழிக்க வேண்டியதுதான். டயானாவின் நெருப்பு டிராகன் கோரா சிறகை விரித்து முதன்முதலில் வெளியே வரும் பக்கத்தை ஃபிலிப் ரசிகர்கள் இன்னொரு தடவை படிக்கட்டும்.

ஏட்டுச்சுரைக்காய்
எனக்கு டயானா லண்டனில் தன் அப்பாவைப் பார்ப்பது. ஏழு வயதில் பறிகொடுத்த ஆள், அவரும் காலம் தாண்டி வந்து நிற்கிறார். அது கிடக்கட்டும். பாதியில் மூடி வைப்பவர்களுக்குச் சில விஷயம்.

ஆள் கூட்டம்தான் முதல் தடை. மேத்யூவின் நண்பர்கள் ராலே, ஹாரியட், சாப்மன், பெர்சி எல்லோரும் ஒரே வீட்டில் வந்து இறங்குகிறார்கள். புத்தகத்தின் கடைசியில் பாத்திரப் பட்டியல் இருக்கிறது, நிஜமாக வாழ்ந்தவர்களுக்கு நட்சத்திரக் குறி போட்டிருக்கும். அங்கே ஒரு அட்டையைச் செருகி வையுங்கள். 1590-ல் மேத்யூவுக்குப் பெயர் மேத்யூ ராய்டன். ராய்டன் நிஜக் கவிஞர், வாழ்க்கை விவரம் அதிகம் கிடைக்காதவர். ஹார்க்னஸ் வரலாற்றுப் பேராசிரியர் இல்லையா, அந்த வெற்றிடம் பார்த்து ரத்தக்காட்டேரியை உட்கார வைத்துவிட்டார். சாப்மன் 1594-ல் தன் கவிதை நூலை இந்த ராய்டனுக்குத்தான் காணிக்கையாக்கினார். அந்த நூலின் பெயரும் தி ஷேடோ ஆஃப் நைட்.

அடுத்தது தேதி. நாள் எண்ணிப் படிப்பவர்கள் பிரான்சில் கால் வைத்ததும் குழம்புவார்கள். பிரான்ஸ் 1582-லும் ப்ராக் இருக்கும் பொஹீமியா 1584-லும் இன்று நாம் பார்க்கும் கிரிகோரியன் காலண்டருக்கு மாறிவிட்டன, இங்கிலாந்து 1752 வரை மாறவில்லை. அதனால் அன்றைக்குக் கடல் தாண்டினாலே 10 நாள் கூடும். போதாக்குறைக்கு இங்கிலாந்தில் சட்டப்படி ஆண்டுப் பிறப்பு மார்ச் 25. நமக்கு 1591 பிப்ரவரி என்றால் அவர்கள் பத்திரத்தில் 1590.

பாகங்களுக்கு நடுவே நிகழ்காலத்துக்குத் தாவும் ஒற்றை அத்தியாயங்களைத் தாண்டாதீர்கள். ஓவியர் ஹில்லியார்ட் வரைந்த டயானா, மேத்யூ ஜோடிச் சித்திரம் சோத்பீஸ் ஏல நிறுவனத்தில் வேலை செய்யும் ஃபீபி கைக்கு வருவது அங்கேதான், மேத்யூவின் மகன் மார்கஸ் கதை அதிலிருந்துதான் கிளம்புகிறது. அந்தக் காலத்து நுண்சித்திரம் மெல்லிய தோலைச் சீட்டுக்கட்டு அட்டையில் ஒட்டி, நீர்வண்ணத்தில் தீட்டுவது. உள்ளங்கைக்குள் அடங்கும். ஒளித்து வைக்கத் தோதான பொருளாகப் பார்த்துத்தான் ஹார்க்னஸ் பிடித்திருக்கிறார்.

ராக்கோழி
வழிகாட்டி நூல் யாரும் கேட்கவில்லையே ஐயா. காலண்டர் சமாசாரம் மட்டும் நல்லா இருக்கு. எனக்கு ஒன்று சொல்லுங்கள்: மேத்யூவின் சகோதரி லூயிசாவோடு சேர்ந்து டயானா உயிருக்கே உலை வைத்த மார்லோவை எதற்கு விட்டுவிடுகிறார்கள்? எழுத்தாளருக்கு அவன்மேல் பாசம், வேறென்ன.

நூலாம்படை
பாசமாவது! நிஜ மார்லோ டெப்ட்ஃபோர்டில் கத்திக்குத்து வாங்கிச் சாவது 1593 மே 30. டயானாவும் மேத்யூவும் 1591-லேயே கிளம்பியாக வேண்டும். நடுவில் அவனைத் தீர்த்துக்கட்டினால் வரலாறு கிழிந்துவிடும், அதைக் கிழிக்காமல் இருப்பதுதான் காலம் தாண்டுகிறவர்களுக்கு முதல் விதி. குறை சொல்லணும் என்றால் ப்ராகைச் சொல்லுங்கள். பேரரசர் ருடால்ஃப் அரண்மனை, ரசவாதி எட்வர்ட் கெல்லி, ஆஷ்மோல் 782 என்ற மந்திரச் சுவடியிலிருந்து மூன்று தாள் பிய்த்தெடுத்த கதை, அத்தனையையும் அவசரமாக அள்ளிப் போட்டிருக்கிறார். ஓல்ட் லாட்ஜில் செலவழித்த பக்கத்தில் பாதியை அங்கே கொடுத்திருக்கலாம்.