மலையில் சிங்கிள் ஸ்பீட் (ஒற்றை கியர் சைக்கிள்) ஓட்டுபவர்கள்: உங்கள் அனுபவம் என்ன?

வெலிங்டன் வளைவு

வண்டி கட்டிய கதை சுருக்கமாக: கோவையில் பழைய ஸ்டீல் ரோடு ஃப்ரேம் கிடைத்தது. டிராப்-அவுட் (பின் சக்கர அச்சு உட்காரும் பிளவு) படுக்கைவாட்டில் இருப்பது, அதனால் செயின் இழுவைக்குத் தனி சாமான் வேண்டியதில்லை. டீரெய்லியர், ஷிஃப்டர், கேசட் என்று கியர் சாமான் எல்லாம் கழற்றியாயிற்று. முன்னால் 42 பல், பின்னால் 18 பல் ஃப்ரீவீல் (மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரத்தைச் சுற்றவிடும் பல்சக்கரம்). 9 கிலோவுக்குள் நின்றது. குன்னூர் வீட்டுக்கும் அருவங்காடு வேலைக்கும் இதில்தான்.

விஷயம் வேறு. இரவு ஷிஃப்ட் முடித்து இறங்கிக்கொண்டிருந்தேன். நல்ல மஞ்சு. ஒரு வளைவில் என் லைட்டில் முதலில் தெரிந்தது நாலு வெள்ளைக் கால்கள், சாக்ஸ் மாட்டியதுபோல. மேலே உடம்பு அப்புறம்தான் தெரிந்தது. பெடலை நிறுத்தினேன். நிறுத்தியதும் ஃப்ரீவீல் டிக்டிக்டிக் என்று ஆரம்பித்தது. மிதிக்கும்போது வராத சத்தம்! காட்டெருமையின் ஒரு காது மட்டும் என் பக்கம் திரும்பியது. பிரேக்கை அழுத்த அழுத்த அந்த டிக் டிக் இடைவெளி விட்டு, மெதுவாகி, நின்றது. காட்டெருமை புஸ்ஸென்று மூச்சு விட்டது. கீழிருந்து பஸ் வெளிச்சம் வந்த பிறகுதான் தேயிலைக்குள் இறங்கியது.

அந்தச் சத்தம் என்னைக் காப்பாற்றியதா, காட்டிக்கொடுத்ததா? வேறு யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

கோத்தகிரி ஏற்றம்

எங்கள் பக்கம் காட்டுமாடு பார்க்காத நாள்தான் செய்தி. அதை விடுங்கள், 42-க்கு 18 போட்டு எப்படிங்க ஏறுகிறீர்கள்? முட்டி என்னத்துக்கு ஆகும்?

என்னுடையது 38-க்கு 20. ஆனால் ஃப்ரேமில் டிராப்-அவுட் செங்குத்து, செயினை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் மாட்டித்தான் ஓட்டுகிறேன். முன் பல்சக்கரமும் ஃப்ரீவீலும் ஒரே கோட்டில் இல்லை, சில மில்லிமீட்டர் வித்தியாசம். கடையில் "இது போதும் சார், ஓடும்" என்றார்கள். ஓடவும் ஓடியது, நான் எழுந்து நின்று மிதிக்காதவரை. டானிங்டன் தாண்டி ஓர் ஏற்றத்தில் நின்று மிதித்தேன். செயின் கழன்று கால் காற்றில் போய், முட்டி ஹேண்டில்பாரில் இடித்தது. ரோட்டோரம் கூடையோடு நின்றிருந்த அக்காக்களில் ஒருவர், "தம்பி, எறங்கித் தள்ளுங்க, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டோம்" என்றார். வலி மறுநாள் போய்விட்டது. அந்த வார்த்தை போகவில்லை.

லவ்டேல் மழை

முதல் பதிவு போட்டவருக்கு: ஃபிக்ஸடு (சக்கரம் சுற்றும்வரை பெடலும் கூடவே சுற்றும் பல்சக்கரம்) போடுங்கள். சத்தமே வராது, பிரச்சினை தீர்ந்தது.

கோத்தகிரிக்காரர் முட்டியைப் பற்றிப் பயமுறுத்துவது அதிகம். ரயிலைப் பாருங்கள். கல்லாறிலிருந்து குன்னூர் வரை 12 அடிக்கு 1 அடி ஏற்றம், தண்டவாளத்து நடுவே பல் சட்டம் இல்லாமல் ஏறாது. குன்னூர் தாண்டினால் அந்தச் சட்டமே கிடையாது, சாதாரணமாகவே ஊட்டி போகிறது. குன்னூருக்கு மேலே ஒற்றை கியர் போதும், கீழே ஆசைப்படாதீர்கள்.

எனக்கு நடந்தது லவ்டேல் அருகே மழையில்: பிரேக் பிடித்தேன், பிடிக்கவில்லை. அவ்வளவுதான், ஓடையில் விழவில்லை. அதனால் சொல்கிறேன். ஈர ரிம்மில் பிரேக் கட்டை முதலில் தண்ணீரைத்தான் துடைக்கும், பிறகுதான் பிடிக்கும். ஆகவே வளைவுக்கு வெகு முன்பே லேசாகத் தொட்டு ரிம்மைக் காயவையுங்கள். கட்டையில் சிக்கிய அலுமினியத் துணுக்கை ஊசியால் எடுங்கள், இல்லாவிட்டால் ரிம்மைச் சுரண்டிவிடும். முன், பின் இரண்டு பிரேக்கும் கட்டாயம், எடை குறைக்கிறேன் என்று ஒன்றைக் கழற்றாதீர்கள். 23 மி.மீ. டயரைத் தூக்கிப்போட்டு 28 மி.மீ. போடுங்கள், காற்றைக் கொஞ்சம் குறையுங்கள். செயினுக்கு மழைக்கால எண்ணெய் தனி. மட்கார்டு இல்லாமல் அலுவலகம் போனால் முதுகில் சேற்றுக்கோடு நிச்சயம். பின் சக்கர நட்டை வாரம் ஒருமுறை...

கல்லட்டி 36

மழைக்காரரே, அவர் கேட்டது காட்டெருமை. அதோடு, இறக்கத்தில் ஃபிக்ஸடா? 42-18ல் ஒரு மிதிக்கு 5 மீட்டருக்குச் சற்றுக் குறைவாகப் போகும். 40 கி.மீ. வேகத்தில் உங்கள் கால்கள் நிமிடத்துக்கு 135 சுற்று சுற்றியே ஆக வேண்டும், நிறுத்தவும் முடியாது. வளைவில் சாயும்போது உள்பக்கப் பெடல் ரோட்டில் தட்டினால் ஆள் காலி.

கல்லட்டியில் 36 கொண்டை ஊசி வளைவும் ஃப்ரீவீலோடுதான் இறங்கினேன். பாதியில் ரப்பர் தீயும் வாசனை. நின்று ரிம்மைத் தொட்டுப் பார்த்தேன், விரல் சுட்டுவிட்டது. ட்யூப் வெடிக்கவில்லை, ஏனோ தெரியவில்லை.

கேத்தி பெரியவர்

தம்பி கேட்ட கேள்விக்கு வருகிறேன். எனக்கு நேர்மாறாக நடந்தது. என்னுடையது கம்பி பிரேக் போட்ட பழைய வண்டி, எடை உங்களுடையதைப்போல் இரண்டு மடங்கு இருக்கும். எண்ணெய் விட்டு வைத்திருந்தேன். மிதித்துக்கொண்டே வந்ததால் ஒரு சத்தமும் இல்லை. பத்தடியில் வந்த பிறகுதான் காட்டெருமை என்னைப் பார்த்தது. பயந்துபோய் ரோட்டுக்குக் குறுக்கே பாய்ந்தது, மண்ணும் சரளையும் என் முகத்தில் அடித்தன. அது என்னைத் துரத்தவில்லை, நான்தான் அதைத் துரத்தியதுபோல் ஆகிவிட்டது. டிக்டிக் சத்தம் இருக்கட்டும் என்பேன். தூரத்திலேயே நின்றுவிடுங்கள், அது போகும் வழியை அடைக்காதீர்கள்.

வெலிங்டன் வளைவு

ரொம்ப நன்றி ஐயா. ஃபிக்ஸடு போடப்போவதில்லை, பிரேக் இரண்டும் இருக்கிறது. முட்டி விஷயத்தில் கோத்தகிரிக்காரர் சொல்வதில் நியாயம் உண்டு. 20 பல் ஃப்ரீவீல் கோவையில் எந்தப் பக்கம் கிடைக்கும், யாராவது வாங்கியிருந்தால் சொல்லுங்கள்.